கூடமாட

அமராவதி நகர்
13 ஜூலை 2025

அன்புள்ள தபஸ்ஸும் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே நல்ல சுகம். அங்கே நீ, அத்தா, அம்மா எல்லோரும் சுகம்தானா? அம்மாவின் முட்டிவலி புதுத் தைலத்துக்குக் கேட்கிறதா?

விடுதியில் கைபேசி கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு பேசக் கிடைக்கிற ஐந்து நிமிடமும் அம்மா "சாப்பிட்டியா" என்று கேட்பதிலேயே கரைந்துவிடுகிறது. அதனால்தான் உனக்குக் கடிதம். இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நவம்பரில் எங்கள் பள்ளியில் ஆங்கில விழா. பதினொன்றாம் வகுப்பில் ஒவ்வொருத்தியும் ஒரு வினையைப் பற்றி மேடையில் பேச வேண்டும். சாதாரண வினை இல்லை. இரண்டு குட்டிச் சொற்கள் சேர்ந்து, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது பொருளைத் தருமே, அந்த ஃப்ரேசல் வெர்ப். அதிலும் பாடப் புத்தகத்தில் வருவது கூடாது, ஆங்கிலக்காரர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவதுதான் வேண்டும் என்று வர்ஷினி மிஸ் சொல்லிவிட்டார். சீட்டு எழுதிக் குலுக்கினோம். என் பக்கத்துக் கட்டில்காரிக்கு ‘ஷோ ஆஃப்’ வந்தது. அவள் பேசவே வேண்டாம், மேடையில் வந்து நின்றாலே போதும். எனக்கு ‘பிட்ச் இன்’.

பொருள் சொல்ல வேண்டும், எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்று விளக்க வேண்டும். அதோடு நமக்குத் தெரிந்த மனிதர்களுக்கு நிஜமாக நடந்த மூன்று சம்பவங்கள். அகராதியில் இருந்து எடுத்தால் மிஸ்ஸுக்கு மூக்கில் வியர்த்துவிடும். நம் தையல் ஷெட்டில் வாயைத் திறந்தால் ஆங்கிலம்தானே வருகிறது. அங்கே யாராவது பிட்ச் இன் என்கிறார்களா? உடனே எழுது.

அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் ஸலாம்.

உன் அன்புத் தங்கை,
மஹ்னூர்


வீரபாண்டி, திருப்பூர்
21 ஜூலை 2025

என் எலிக்குஞ்சுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம். தைலம் முட்டியைத் தவிர வீடு முழுக்க வேலை செய்கிறது, வாசனை தாங்கவில்லை.

உன் வினையை ஷெட்டில் விசாரித்துவிட்டேன். கட்டிங் தெரியும், செக்கிங் தெரியும், ஷிப்மெண்ட் என்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்கள். பிட்ச் இன்னை ஒருவரும் கேள்விப்படவில்லை. மேற்பார்வை பார்க்கும் முருகவேல் அண்ணன், அது கிரிக்கெட் சம்பந்தப்பட்டது என்று சத்தியம் பண்ணுகிறார்.

போகட்டும். என் செய்தியைக் கேள். ஆர்டர் வந்துவிட்டது மஹ்னூர். இத்தனை வருஷம் அடுத்த கம்பெனிகளின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நம் ஷெட்டுக்கு, முதன்முறையாக நேரடி ஆர்டர். டென்மார்க்கில் குழந்தை உடுப்புக் கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர். கைக்குழந்தைகள் போடும் முழு உடுப்பு, இளம்பச்சையில். விலை பேசியது, சாம்பிள் தைத்து அனுப்பியது, மெயில் எழுதியது எல்லாம் நானே. அத்தா சாம்பிளைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லாமல் மூன்று தடவை திருப்பினார்.

ஆனால் நிபந்தனை போட்டுவிட்டார். சொன்ன தேதியில் சரக்குப் போனால் ஷெட் இனி என் பொறுப்பு. போகாவிட்டால் மிஷின்களை விற்றுவிட்டு, ஜனவரியில் ஷெட்டைக் குடோனுக்கு வாடகைக்கு விடுவார். நானும் சரி என்றுவிட்டேன். தேதி நவம்பர் மூன்று. நடுவில் தீபாவளி வருகிறதே என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தெற்கத்திக்காரர்கள் ஊருக்குப் போனால் என்ன, பீகார் பையன்கள் இங்கேதானே இருப்பார்கள்? அவர்களை வைத்துத் தைத்துவிடுவேன். முருகவேல் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லாம் கணக்குப் போட்டாச்சுங்க என்று சொல்லிவிட்டேன்.

தன் கையே தனக்கு உதவி. அதனால் உன் வினைக்கு என்னிடமிருந்து உதாரணம் கிடைக்காது. வேறு கடை பார்.

துஆவுடன்,
முதலாளியம்மா தபஸ்ஸும்


அமராவதி நகர்
10 ஆகஸ்ட் 2025

முதலாளியம்மா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை விடுதியில் சத்தமாக வாசித்தேன். இளம்பச்சை என்ற இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், ஏன் என்று தெரியவில்லை. அணை நிரம்பியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது அக்கா, நம் சொந்த ஆர்டர்!

இப்போது பாடம். பிட்ச் இன் என்றால் உதவி என்று நினைத்தேன். மிஸ் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் செய்தாலும் உதவி உதவிதான். பிட்ச் இன் என்றால் பலர் சேர வேண்டும், ஆளுக்குக் கொஞ்சம் செய்ய வேண்டும், முழு மனதோடு இறங்க வேண்டும். கூப்பிட்டும் வரலாம், கூப்பிடாமலும் வரலாம். வந்த பிறகு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. சம்பளத்துக்குப் பார்க்கிற சொந்த வேலைக்கு இதைச் சொன்னால் ஒட்டாது. தையல்காரர் தைத்தால் அது அவர் வேலை. மழை வருகிறது என்று அவரே ஓடிவந்து துணிப்பொதி தூக்கினால் அதுதான் பிட்ச் இன். தோழியிடம் சொல்லலாம், விடுப்பு விண்ணப்பத்தில் எழுதக் கூடாது.

முதல் சம்பவம் கிடைத்துவிட்டது. போன வாரம் சமையல் அக்காக்கள் வரும் பஸ் வழியில் நின்றுபோனது. இரவுச் சாப்பாட்டுக்கு ஆளில்லை. யாரும் யாரையும் அனுப்பவில்லை, எல்லோரும் சமையல்கட்டில் நின்றோம். வார்டன் மாவு பிசைந்தார். ஒரு சப்பாத்திகூட வட்டமாக இல்லை, ஒன்றுகூட மிஞ்சவும் இல்லை. மிஸ் சரி என்றுவிட்டார்.

இன்னும் இரண்டு வேண்டும். அதோடு தமிழில் இதற்கு ஈடாக ஒரு சொல்லும் சொல்ல வேண்டுமாம். உதவி என்று சொன்னால் மதிப்பெண் போய்விடும். யோசித்து வை.

உன்,
மஹ்னூர்


வீரபாண்டி
30 ஆகஸ்ட் 2025

எலிக்குஞ்சுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சுகம். நீ இருமுவதாக அம்மா கனவு கண்டாராம். இருமினால் எழுது, இருமாவிட்டாலும் எழுது.

சாயப்பட்டறையில் முதல் தடவையே நிறம் ஒத்துப்போய்விட்டது. இப்படி நடந்ததே இல்லை என்கிறார்கள். டென்மார்க் அம்மாள் மெயிலில் நான்கு ஆச்சரியக்குறி போட்டிருந்தார். துணி வந்து இறங்கியபோது நான் போய்க் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கட்டிங் மாஸ்டர் பார்த்துவிட்டார், பரவாயில்லை.

எதிர் ஷெட் ரங்காத்தாள் பெரியம்மா நேற்று வந்தார். அவருடையது பெரிய யூனிட், இருபது வருஷத் தொழில். "ஏங் கண்ணு, புதுசா எறங்கீருக்கற. ஒத்தாசை வேணும்னா ஒரு சொல்லு சொல்லு" என்றார். "இல்லீங் பெரியம்மா, நானே பாத்துக்கறேனுங்க" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். பெருநாள் பிரியாணியும் தீபாவளி முறுக்கும் இந்தத் தெருவைக் குறுக்கே கடப்பது சரி. தொழிலில் அடுத்தவர் கை பட்டால் பிறகு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

உன் தமிழ்ச் சொல்லை யோசிக்க எனக்கு நேரமில்லை. நான் முதலாளி.

தபஸ்ஸும்


அமராவதி நகர்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருமல் இல்லை. அம்மாவிடம் சொல், நம்பமாட்டார், ஆனாலும் சொல்.

விழா நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் எல்லோரும் வரலாம். உன் சரக்கு மூன்றாம் தேதியே போய்விடும், அதனால் சாக்குச் சொல்லாமல் வந்துவிடு. முன்வரிசையில் உட்காராதே, உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாவது சம்பவத்துக்கு இன்னும் அலைகிறேன். இங்கே பூரி போடும் பீகார் அண்ணனிடம் கூடக் கேட்டேன். அவர் சொன்ன கதை நன்றாக இருந்தது. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்குச் சத் பூஜை. அதுதான் அவர்களுக்குப் பெரிய பண்டிகையாம். ஊரே சேர்ந்து ஆற்றங்கரையைச் சுத்தம் செய்வார்களாம். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் பீகார்க்காரன் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும், ரயிலில் இடம் கிடைக்காது, அதனால் இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றார். ஆனால் இது நான் நேரில் பார்த்தது இல்லையே, மிஸ் ஒத்துக்கொள்ள மாட்டார். நம் ஷெட் பையன்களும் டிக்கெட் எடுத்துவிட்டார்களா? அவர்களிடம் கேட்டு இன்னும் விவரம் எழுதேன்.

அத்தா சாம்பிளை இன்னும் திருப்பிப் பார்க்கிறாரா?

உன்,
மஹ்னூர்


அமராவதி நகர்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீ சுகமா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நான் எழுதி மூன்று வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இன்றைக்குப் பேசும் ஞாயிறு. அக்கா எங்கே என்றேன். "ஷெட்டுல இருக்கா கண்ணு, நல்லாருக்கா" என்று அம்மா சொன்னார். பிறகு சாப்பிட்டியா என்று கேட்கவே இல்லை. அம்மா அதைக் கேட்க மறந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

இரண்டு வரி போதும்.

மஹ்னூர்


வீரபாண்டி
15 அக்டோபர் 2025

அன்புள்ள மஹ்னூருக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கு அனைவரும் நலம். வேலை நடந்துகொண்டிருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வேலை மிகுதியால் கடிதம் எழுத இயலவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு நீ வர வேண்டாம். அத்தாவுக்கு வந்து அழைத்துவர நேரம் இருக்காது. விடுதியிலேயே தங்கி உன் பேச்சைப் பயிற்சி செய்துகொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அ. தபஸ்ஸும்


அமராவதி நகர்
17 அக்டோபர் 2025

சோமனூர் சைதுன்னிசா மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமாவும் அண்ணிமார்களும் சுகம்தானா? உங்கள் தறிச் சத்தத்தில் குழந்தைகள் தூங்குகின்றனவா? உங்கள் தம்பி மகள் மஹ்னூர் எழுதுகிறேன். இத்தனை வயதில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது. உடம்புக்கு இல்லை, ஷெட்டுக்கு. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவள் கடிதத்தில் என்னை எலிக்குஞ்சு என்று கூப்பிடவில்லை. தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் போட்டிருக்கிறாள். பேங்குக்கு எழுதுவது போல எழுதியிருக்கிறாள்.

நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். தீபாவளிக்கு நம் தமிழ் ஆட்கள் ஊருக்குப் போனாலும் பீகார் பையன்கள் இருப்பார்கள் என்று நம்பி அவள் வெளிநாட்டுக்குத் தேதி கொடுத்துவிட்டாள். தீபாவளியை ஒட்டியே அவர்களுக்கும் பெரிய பண்டிகை வருகிறது. நம் ஷெட் வருஷா வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் பூட்டித்தான் கிடக்கும். பூட்டிய ஷெட்டிலிருந்து யார் எங்கே போனார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? நான்தான் விளையாட்டாக அந்தப் பண்டிகையைப் பற்றி எழுதினேன். அதன் பிறகுதான் அவள் எழுதுவதை நிறுத்தினாள். தேதி தவறினால் சரக்கை நம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். விமானத்தில் போவது உடுப்பு இல்லை மாமி, நம் ஷெட்.

அக்கா யாரையும் கேட்க மாட்டாள். செத்தாலும் கேட்க மாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் திருப்பூரில் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவர் என்று அத்தா பெருமையாகச் சொல்லுவார். அண்ணிமார் இருவருக்கும் தையல் தெரியும். தீபாவளி நமக்குப் பண்டிகை வேலை இல்லாத நாள்தானே. நான் போகலாம் என்றால் எனக்குப் பதினெட்டு ஆகவில்லை, ஏற்றுமதி வேலையில் சிறுவர் கை படக் கூடாது, என்னை அக்கா கேட்டுக்குள்ளேயே விடமாட்டாள்.

நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள். சொன்னால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

உங்கள்,
மஹ்னூர்


வீரபாண்டி
4 நவம்பர் 2025

என் எலிக்குஞ்சே,

வ அலைக்கும் ஸலாம். சரக்குப் போய்விட்டது. நேற்று மாலை லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. நான் தெருமுனை வரை பின்னாலேயே ஓடினேன், இருபத்தாறு வயசில். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், கை இன்னும் மிஷினில் இருப்பது போலவே அதிர்கிறது. எல்லாவற்றையும் சொல்கிறேன்.

உன் செப்டம்பர் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். பூரி அண்ணன் வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போய் லல்லனைக் கேட்டேன், பீகார் பையன்களில் அவன்தான் மூத்தவன். ஆமாம் மேடம், எல்லாருக்கும் டிக்கெட் இருக்கு என்று சிரித்தபடி சொன்னான். முருகவேல் அண்ணன் அன்றைக்கு வாயெடுத்தது இதைச் சொல்லத்தான். நானே அடைத்துவிட்டேன்.

வேறு யூனிட்களில் ஆள் தேடினேன். தீபாவளி வாரத்தில் திருப்பூரில் ஆள் தேடுவது நோன்பு நாளில் சஹர் நேரம் முடிந்த பிறகு சோறு தேடுவது போலத்தான். ஒருவர் யோசனை சொன்னார், பையன்களின் டிக்கெட்டை வாங்கி மேஜையில் பூட்டிவை என்று. ஒரு நிமிஷம் அது எனக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. பிறகு பெருநாள் அன்று என்னை யாராவது மிஷினில் உட்காரவைத்தால் என்ன பாடுபடுத்துவேன் என்று நினைத்துப் பார்த்தேன். போய்ட்டு வாங்கப்பா என்றுவிட்டேன். உனக்கு அந்த இனிஷியல் கடிதத்தை எழுதியது அன்றைக்குத்தான்.

மறுநாள் லல்லன் வந்து நின்றான். "மேடம், கழுத்து கஷ்டம். வேற ஆள் வந்தா கெட்டுப்போகும். நாங்க போறதுக்குள்ள கழுத்து எல்லாம் முடிச்சிடும்" என்றான். குழந்தை உடுப்பில் கழுத்துப் பட்டி வைப்பதுதான் கை நடுங்கும் வேலை. ரயிலேறும் நாள் காலை வரை, பெட்டிகூடக் கட்டாமல், ஆர்டர் முழுவதற்கும் கழுத்தை முடித்து அடுக்கிவிட்டுப் போனார்கள். மிச்சம் இருந்தது நேர்த்தையல்தான். தைக்கத்தான் ஆள் இல்லை.

தீபாவளிக்கு மறுநாள் நான் ஒற்றை மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஆட்டோ வந்து நிற்கிறது. சைதுன்னிசா மாமி, இரண்டு மருமகள்கள், ஒரு அண்டாச் சோறு. இறங்கினதும் என் முகத்தைப் பார்த்து, "நான் தானாத்தான் வந்தேன் கண்ணு, யாரும் சொல்லல" என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை எலிக்குஞ்சு. தானாக வருகிற யாராவது இறங்கும்போதே தானாக வந்தேன் என்று சொல்வார்களா? இதைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா?

மாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஓவர்லாக்கில் கால் வைத்தார். முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கும். முதல் பீஸ் கோணல். இரண்டாவது பீஸைப் பார்த்த முருகவேல் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். ஆமாம், அவரும் திருநெல்வேலிக்குப் போய் ஒரு நாளில் திரும்பிவிட்டார், மனசு கேக்கலம்மா என்று. மத்தியானம் ரங்காத்தாள் பெரியம்மா தெருவைக் கடந்து வந்தார். பின்னால் அவர் நாத்தனார், மகள் அனுப்பிரியா, அவருடைய தையல்காரப் பெண்கள் நான்கு பேர். நான் எழுந்து, எப்படிங்க பெரியம்மா உங்களுக்குச் சொல்றது என்று இழுத்தேன்.

"கூடமாட நிக்கறதுக்குக் கூப்பாடு போடோணுமா கண்ணு? எங்கூட்டுப் பலகாரமெல்லாம் முடிஞ்சுது. மிசினைக் காட்டு" என்றார்.

அவ்வளவுதான். ஒருத்தர் தைக்க, ஒருத்தர் நூல் வெட்ட, ஒருத்தர் மடிக்க, பிரியாணியும் அதிரசமும் ஒரே தட்டில். முருகவேல் அண்ணன் வாசலில் நின்று ஒவ்வொருத்தர் வயதையும் பார்த்துத்தான் உள்ளே விட்டார், நீ வந்திருந்தால் அழுதிருப்பாய். அத்தா இரண்டு நாள் வாசல் நாற்காலியில் பேப்பர் படித்தார். மூன்றாம் நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்து டிச் பட்டன் மிஷினில் உட்கார்ந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்து போய்விடுவாரோ என்று எல்லோருக்கும் பயம். கடைசிப் பட்டன் வரை அவர்தான் அடித்தார்.

லாரி போன பிறகு அத்தா ஷெட் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தும் சாவியைக் கேட்கவில்லை. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

ஒன்று சொல்கிறேன், நான் யாரையும் கூப்பிடவில்லை. அது மட்டும் நிஜம்.

ஒன்பதாம் தேதி வருகிறோம்.

தபஸ்ஸும்


அமராவதி நகர்
10 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றுத்தான் பார்த்தோம், ஆனாலும் கேட்கிறேன், எல்லோரும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? வேனில் மாமிக்கு வாந்தி வரவில்லையே?

நீங்கள் மூன்று பேர் வருவீர்கள் என்று நினைத்தேன். ஒரு வரிசை முழுக்க வீரபாண்டியும் சோமனூரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு முதல் வாக்கியமே மறந்துவிட்டது. மேடைக்குக் கீழே வர்ஷினி மிஸ், ஆர் தீஸ் ஆல் யுவர் பேரண்ட்ஸ் என்றார். யெஸ் மிஸ் என்றேன், வேறு என்ன சொல்வது.

லல்லனின் கழுத்தை இரண்டாவது சம்பவமாகச் சொன்னேன். அது அவர்கள் சம்பள வேலைதானே என்று மிஸ் மடக்கினார். ரயிலேறும் நாளில் பெட்டி கட்டாமல், தாங்கள் இல்லாத நாளுக்காகச் செய்த வேலை எப்படிச் சம்பள வேலையாகும் என்று கேட்டேன். மிஸ் தோள்களைக் குலுக்கி ஒத்துக்கொண்டார். மூன்றாவது உங்கள் எல்லோரையும். அத்தா பேப்பரை மடித்து வைத்தார் என்ற இடத்தில் நான் அத்தா பக்கம் பார்த்துத் தொலைத்தேன். நீ பின்னால் எழுந்து நின்றுவிட்டாய், அது இன்னும் மோசம்.

தமிழ்ச் சொல்லுக்குக் ‘கூடமாட’ என்றேன். கூடமாட நிற்பது என்று எங்கள் பக்கம் சொல்வோம், பிட்ச் இன்னுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்றேன். ரங்காத்தாள் பெரியம்மா தனக்கு முன்வரிசையில் இருந்த முன்பின் தெரியாதவர்கள் தோளைத் தட்டி, "அது நாஞ் சொன்னதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது மேடை வரை கேட்டது.

கடைசியில் மிஸ் ஒரு கேள்வி கேட்டார். இதிலெல்லாம் நீ எங்கே இருந்தாய்? எனக்குப் பதினெட்டு ஆகவில்லை மிஸ், நான் கேட்டுக்கு வெளியே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமி மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலைக்குத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நீ கேட்டதற்குப் பதில். பெரியவர்கள் தானாக வந்தேன் என்றால் தானாகத்தான் வந்திருப்பார்கள். பெரியவர்கள் பொய் சொல்வார்களா?

இரண்டாம் பரிசு. முதல் பரிசு ‘ஷோ ஆஃப்’.

மஹ்னூர்


வீரபாண்டி
20 நவம்பர் 2025

எலிக்குஞ்சுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம். பையன்கள் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். லல்லன் தேக்குவா என்று ஒரு பலகாரம் கொண்டுவந்தான். ரங்காத்தாள் பெரியம்மா செய்முறை கேட்டு அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்.

டென்மார்க் அம்மாள் அடுத்த ஆர்டர் கொடுத்திருக்கிறார், இதைவிடப் பெரியது. அதோடு ஒரு வில்லங்கமும். ஜனவரியில் அவரிடம் வாங்கி விற்கும் கடைக்காரர்கள் எல்லோர் முன்னாலும் நான் கணினித் திரையில் தோன்றி, இந்த உடுப்பு எப்படித் தயாரானது, யார் யார் செய்தார்கள் என்று அரை மணி நேரம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது அட்டைப்பெட்டி மேல் எழுதுகிற ஆங்கிலம். அதை வைத்து அரை மணி நேரம் என்ன பேசுவேன்? பேச மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. கடைகள் சம்மதித்தால்தான் இந்த ஆர்டர் நிலைக்கும்.

இதற்கு முன் மூன்று தாள் கிழித்துவிட்டேன். முதல் தாளில் உன் படிப்பைப் பற்றி விசாரித்திருந்தேன். இரண்டாவதில் அணையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டிருந்தேன். மூன்றாவதில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தேன். இது நான்காவது.

எனக்கு ஒத்தாசை வேண்டும், மஹ்னூர். அரையாண்டு விடுமுறைக்கு வந்ததும் என் பக்கத்தில் உட்கார். இது ஆபீஸ் வேலை, ஷெட்டுக்குள் வர வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். நான் இதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டுப் பார்த்தால் அவ்வளவு கஷ்டமாக இல்லை. கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா,
தபஸ்ஸும்


அமராவதி நகர்
24 நவம்பர் 2025

என் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு விடுதி வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினேன். வார்டன் திட்டினார். திட்டட்டும்.

வருகிறேன். ஆனால் பாடத்தை நீ மறந்துவிட்டாய். ஒருத்தி மட்டும் வந்தால் அது வெறும் உதவி. பலர் வர வேண்டும், ஆளுக்குக் கொஞ்சம் செய்ய வேண்டும். வர்ஷினி மிஸ் உன் ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிறேன் என்றுவிட்டார். லல்லனைக் கழுத்து வைத்துக் காட்டச் சொல். அத்தாவைப் பட்டன் மிஷினில் உட்காரவை, பேச வேண்டாம், அடித்தால் போதும். ரங்காத்தாள் பெரியம்மாவிடம் இன்றே போய்க் கேள், வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் இப்போதே பட்டுப்புடவை எடுத்து வைப்பார்.

மாமிக்கு நீ சொல்ல வேண்டாம். இந்தத் தடவையும் நானே எழுதிவிட்டேன்.

உன்,
எலிக்குஞ்சு